தண்ணீரில் மூழ்கிய ஐஸ்கட்டி

போன வருஷம் சித்திரை மாதம், ராயபுரத்தில் நடந்தது இது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. விசைப்படகுக்கு வேண்டிய கயிறு, மிதவை, பெயிண்ட், நட்டு, போல்ட்டு எல்லாம் கிடைக்கும். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து போட்ட கடை. அவர் கடலைப் பார்த்துப் பயப்படுவார். நான் கடலுக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பயப்படுவேன். இரண்டு தலைமுறையில் எங்கள் குடும்பம் கண்ட முன்னேற்றம் அவ்வளவுதான்.

கல்லாவில் உட்கார்ந்து கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். வானவியல், சோழர் செப்பேடு, தேனீ வளர்ப்பு என்று எதையும் விட்டுவைத்ததில்லை. எதையும் முக்கால்வாசி படித்துவிட்டு முழுசாகப் பேசுவது என் பழக்கம். கடைக்கு வருகிறவர்கள் கயிறு வாங்கிய கையோடு ஓடிவிடுவதற்கு அதுதான் காரணம் என்று என் மனைவி சொல்கிறாள்.

ஓடாமல் நின்று கேட்கிற ஒரே ஆள் என் நண்பன். விசைப்படகு டிரைவர். ஏழாம் வகுப்பு வரை நானும் அவனும் ஒரே பெஞ்ச். அதன் பிறகு அவன் கடலுக்குப் போனான், நான் எட்டாம் வகுப்புக்குப் போனேன். இதில் யார் பாஸானது என்பதில் இன்றும் எங்களுக்குள் தகராறு உண்டு.

அவனுக்குக் குடலில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருந்தால் அதையும் பிடிக்க வேண்டும் என்று இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கீமோ. அவன் மனைவி விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவர். மதியத்துக்குமேல்தான் வர முடியும். அதுவரை ஆஸ்பத்திரியில் அவனுக்குத் துணை நான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையில் இருப்பதை அவனுக்குப் படித்துக் காட்டுவேன். ட்ரிப்ஸ் ஏறுகிறவன் எழுந்து ஓட முடியாது. எனக்கு அமைந்த, கட்டிப்போட்ட ஒரே ரசிகன்.

அந்த மருந்தில் ஒரு விசித்திரம் இருந்தது. குளிர்ச்சியான எதையும் தொடக் கூடாது, குடிக்கக் கூடாது. தொட்டால் விரலில் மின்சாரம் பாயும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டையில் கண்ணாடித் தூளை விழுங்கியதுபோல இருக்கும். வேறு யாருக்காவது என்றால் ஃப்ரிட்ஜ் பக்கம் போகாதே என்று சொல்லி முடித்துவிடலாம். இவன் வாழ்க்கையே ஐஸ். படகு கிளம்பும்போது டீசலுக்கும் அரிசிக்கும் முன்னால் ஏறுவது ஐஸ். ஆளுயரக் கட்டிகளாக ஐஸ் கம்பெனியிலிருந்து வந்து, அரவை மெஷினில் நொறுங்கி, படகின் வயிற்றுக்குள் சரியும். எவ்வளவு ஐஸோ அத்தனை நாள் கடல். பன்னிரண்டு வயதிலிருந்து வெறுங்கையால் ஐஸ் அள்ளியவன். இரண்டாவது கீமோ ஊசிக்கு அப்புறம் பழக்க தோஷத்தில் ஒரு ஐஸ்கட்டியைத் தொட்டுவிட்டு அலறியிருக்கிறான்.

“ஐஸு என்னைக் கட்ச்சிட்ச்சு மாமு,” என்றான் என்னிடம். வலியைச் சொன்ன மாதிரி இல்லை. வளர்த்த நாய் கடித்துவிட்டதைச் சொல்கிற மாதிரி இருந்தது.

அடுத்த ஊசியின்போது நான் படித்துக்கொண்டிருந்தது கனநீரைப் பற்றிய ஒரு கட்டுரை. சாதாரணத் தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிற இடத்தில் இதில் அவனுடைய குண்டு அண்ணன் உட்கார்ந்திருப்பான். டியூட்டீரியம் என்று பெயர். பார்த்தாலும் முகர்ந்தாலும் தண்ணீர்தான். எடை மட்டும் பத்தில் ஒரு பங்கு கூடுதல். அணு உலைகளில் பயன்படுத்துகிறார்கள். உடம்பில் இது நிறையச் சேர்ந்தால் செல்கள் இரண்டாகப் பிரிவது தடுமாறும். புற்றுநோய் என்பது நிறுத்தத் தெரியாமல் பிரிந்துகொண்டே போகிற செல்தானே? அதனால் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு யோசனை. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களுக்கும் எலிகளுக்கும் கீமோ மருந்தோடு கனநீரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சில சோதனைகளில் கட்டியின் வளர்ச்சி மட்டுப்பட்டிருக்கிறது.

அவன் கண்ணைத் திறந்தான்.

“அந்தத் தண்ணி எங்க கிடைக்கும்?”

“எல்லாத் தண்ணியிலயும் துளியூண்டு இருக்கும். கடல்ல இருக்கு, குழாய்ல இருக்கு. பிரிச்சு எடுக்கறதுதான் கஷ்டம்.”

“ஒறையுமா?”

“நம்ம தண்ணிக்கு முன்னாடியே உறைஞ்சிடும்.”

“ஓ,” என்றான். கண்ணை மூடிக்கொண்டான். நான் கட்டுரையை மடித்து வைத்தேன். முக்கால்வாசி முடிந்திருந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். அவன் மனைவி மீன் கூடையோடு கடை வாசலில் வந்து நின்றார்.

“ணா, உங்க தோஸ்துக்கு இன்னா சொல்லிக் குட்த்தீங்க?”

“ஏம்மா?”

“ஊசிக்கு வரமாட்டாராம். நேத்து டாக்டரு போன் பண்ணா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு கட் பண்ட்டாரு. வூட்ல ஐஸுப் பொட்டியத் தொறந்து வெச்சிகினு தண்ணிய ஊத்துறாரு, அள்ளுறாரு, ஊத்துறாரு, அள்ளுறாரு. கேட்டா, உன் அண்ணன கேளுன்றாரு. ரெண்டு நாளா அந்தக் கலீஜுத் தண்ணிய வேற குட்ச்சிகினு கீறாரு.”

கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன்.

சித்திரை வெயிலில், முன்னறையில் என் நண்பன் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே தெர்மாகோல் பெட்டி. அதில் பாதி கரைந்த ஐஸ்கட்டி.

“வா மாமு. நீ சொன்னதுதான். சீக்கிரம் ஒறையறது லேட்டாத்தான உருகும்? கரீட்டா? மொதல்ல உருகுறது சாதா தண்ணி. அத ஊத்திடணும். கட்ச்சீல நிக்குது பாரு, அதுல உன் வெயிட்டு தண்ணி ஜாஸ்தி. அத மறுபடி ஒறைய வெச்சு, மறுபடி உருக்கி, மறுபடி கட்ச்சி துண்ட எட்த்து… ஐஸ் கம்பெனி மேஸ்திரி நம்ம ஆளு. ஒறைய வெக்க தனி கேன் குட்த்துக்கீறான்.”

எங்கே தப்பு என்று எனக்குப் பிடிபடவே இல்லை. தப்பே இல்லையோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. மறு நிமிஷம் அந்த ஐஸ் எங்கிருந்து வருகிறது என்பது நினைவுக்கு வந்தது. மீனுக்கான ஐஸ் அது. போர்வெல் தண்ணீர், அதை உறைய வைக்கிற துருப்பிடித்த கேன், இழுக்கிற கொக்கி, மேலே ஏறி நடக்கிற ரப்பர் பூட்ஸ். கீமோவில் ரத்த அணுக்கள் குறைந்திருக்கும், கொதித்து ஆறிய தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் படக் கூடாது, காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நல்லவேளை, சுடவில்லை.

“இதைக் குடிக்காதேடா.”

“காச்சினா வெயிட்டு பூடுமா?”

“போகாது.”

“அப்ப காச்சியே குட்ச்சிக்கிறேன். முட்ஞ்சுதா?”

“ஊசி?”

அவன் ஒரு கையுறையைக் கழற்றினான். விரல்களை மடக்க முயன்றான். பாதிதான் மடங்கின.

“கயிறு புட்ச்சா புடிச்சது தெரியல மாமு. ஐஸத் தொட முடியல. இந்தக் கைய வெச்சிகினு நான் இன்னா டிரைவரு? ஊசி வேணாம்னு சொல்லல. இது ரெடி ஆவட்டும், ரெண்டும் சேத்துப் போட்டுக்கிறேன். சேந்தாத்தான எலிக்கு வேல செஞ்சுது? நீதான சொன்ன?”

“எலிக்கு வேல செஞ்சா எலிக்குக் குடுய்யா!” என்று உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. “வூட்ல கீறதெல்லாம் நல்லாத்தான் துன்னுட்டுக் கீது.”

டாக்டரிடம் பேசினேன். ஏற்கெனவே ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது, வருகிற திங்கட்கிழமையைத் தாண்டினால் இதுவரை பட்ட பாடு வீணாகிவிடலாம் என்றார். கனநீர் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டலை சார். தயவுசெய்து அவரைக் கூட்டிட்டு வாங்க,” என்றார். வீட்டுக்கு வந்து கட்டுரையின் மிச்சக் கால்வாசியைப் படித்தேன். அதிலும் அதையேதான் எழுதியிருந்தார்கள்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. கல்லூரியில் என்னோடு வேதியியல் படித்த ஒரு தோழி. நான் பெயிலான பாடத்தை அவள் இப்போது திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நடத்துகிறாள். போனில் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“டேய், அந்த மனுஷன் யோசிச்சது திசை சரிடா. தூரம்தான் நிலாவுக்குப் போற தூரம். இந்த ஜென்மம் முழுக்க உருக்கினாலும் ஒரு சொட்டு தேறாது.”

“அதை நான் சொன்னா நம்பமாட்டான். கண்ணால பார்த்தாத்தான் அவனுக்கு எதுவும்.”

“அப்ப பார்க்கட்டும். எங்க லேப் கருவிக்குன்னு சின்னக் குப்பியில சுத்தமான கனநீர் வெச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை காலையில கூட்டிட்டு வா. அவர் பண்ண ஐஸையும் எடுத்துட்டு வரச் சொல்லு.”

அவன் உடனே ஒத்துக்கொண்டான். தன் சரக்கைப் பரிசோதிக்கப் போகிறார்கள் என்று அவனுக்கு ஒரே குஷி. கடைசி ஐஸ் துண்டை ஃபிளாஸ்கில் போட்டு, டவலால் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். அவன் மனைவியும் வந்தார். அன்று அவர் வியாபாரத்துக்குப் போகவில்லை. சண்டை போடத் தயாராக வந்திருந்தார், யாரோடு என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.

லேபில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மேஜைமேல் ஒரு பெரிய கண்ணாடி பீக்கரில் குளிர்ந்த தண்ணீர். தோழி ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு சின்ன ட்ரேயை எடுத்தாள். நெல்லிக்காய் அளவில் இரண்டு ஐஸ்கட்டிகள். பார்க்க இரட்டைப் பிள்ளைகள்.

“இது எங்க கேன் தண்ணி, அண்ணா,” என்று ஒன்றை இடுக்கியால் எடுத்துப் போட்டாள். குபுக்கென்று உள்ளே போய் மேலே வந்து மிதந்தது.

“ஐஸுன்னா மெதக்கும் டீச்சரம்மா. இதுக்கா ஆட்டோ புட்ச்சு வந்தோம்?”

அவள் இரண்டாவதை எடுத்துப் போட்டாள்.

அது உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. டக் என்று ஒரு சின்னச் சத்தம். பீக்கரின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு அது தெரிந்த விஷயம். கட்டுரையில் படித்திருக்கிறேன், சூத்திரம்கூடச் சொல்லுவேன். இருந்தும் தெரிந்துகொள்வதற்கும் பார்ப்பதற்கும் நடுவே எவ்வளவு பெரிய கடல் இருக்கிறது என்று அந்த வினாடியில்தான் எனக்குப் புரிந்தது. மேலே ஒரு ஐஸ் மிதக்கிறது, கீழே ஒரு ஐஸ் கிடக்கிறது, நடுவில் வெறும் தண்ணீர். ஏதோ ஒரு சட்டத்தை யாரோ எங்கள் கண்முன்னால் அமைதியாக ரத்து செய்துவிட்டதுபோல இருந்தது.

“யம்மா!” என்றார் மனைவி. “யோவ், ஐஸு முங்கிட்ச்சுய்யா!”

அவன் மேஜைமேல் கையூன்றிக் குனிந்து, பீக்கருக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டான். கண்ணாடிக் கரண்டியை வாங்கி, அடியில் கிடந்ததை மெல்லத் தூக்கி மேலே கொண்டுவந்தான். கரண்டியை விலக்கினான். மறுபடி அடியில் போய் உட்கார்ந்தது. இன்னொரு தடவை தூக்கினான். இன்னொரு தடவை உட்கார்ந்தது. ஆயுள் முழுக்க டன் டன்னாக ஐஸ் பார்த்தவன், அந்த நெல்லிக்காயிடம் தோற்றுக்கொண்டே இருந்தான்.

பிறகு கையுறையைக் கழற்றினான்.

“அண்ணா, ஜில்லுன்னு இருக்கும், வேணாம்,” என்றாள் தோழி. அவள் முடிப்பதற்குள் கையைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டான். உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கட்டியை இரண்டு விரலால் பிடித்து வெளியே எடுத்தான்.

“ஷாக் அடிக்குதாடா?” என்றேன்.

“அடிக்குது. அடிக்கட்டும்.”

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தான். கண்ணில் நீர் வந்திருந்தது. வலியாக இருக்கலாம். எனக்கும் வந்திருந்தது, எனக்கு எந்த ஊசியும் போடவில்லை.

கட்டியைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டு, ஃபிளாஸ்கைத் திறந்து தன்னுடையதைத் தானே எடுத்துப் போட்டான். நாங்கள் எல்லோரும் குனிந்தோம். உண்மையைச் சொல்கிறேன், அது மூழ்கிவிட வேண்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். தோழியும் வேண்டிக்கொண்டாள் என்று பிற்பாடு சொன்னாள்.

மிதந்தது. நல்ல தெம்போடு மிதந்தது.

அவன் ஃபிளாஸ்கைக் கவிழ்த்துப் பார்த்தான்.

“இதுல அது ஒண்ணியுமே இல்லியா டீச்சரம்மா?”

“இருக்குண்ணா. எல்லாத் தண்ணியிலயும் இருக்கற அளவு இருக்கு. உங்க உடம்புலயும் இருக்கு. மொத்தமாச் சேர்த்தா ஒரு டீஸ்பூன் வரும்.”

“என் உள்ளயா?”

“பிறந்ததுலேருந்து. எனக்குள்ள, இவனுக்குள்ள, அக்காவுக்குள்ள, எல்லாருக்குள்ளயும்.”

அவன் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். தையல் போட்ட இடத்தின்மேல் கையை வைத்தான். ஏதோ சத்தம் கேட்குமா என்று பார்க்கிறவன்போல நின்றான்.

“அப்ப குப்பில கீறத நான் குட்ச்சா?”

தோழி நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளிடம் எனக்குப் பிடித்தது, நோயாளியிடம் பேசுகிற தனிக்குரல் எதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

“ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆகாது, கெட்டதும் இல்லை நல்லதும் இல்லை. கட்டி கிட்ட வேலை செய்யணும்னா உடம்புல இருக்கற தண்ணியில பெரிய பங்கு இதுவா மாறணும். அப்ப அது கெட்ட செல், நல்ல செல்னு பார்க்காது. ரத்தம் ஊறுறது, குடல் புதுசாகறது எல்லாம் தடுமாறும். அளவு மீறினா எலி செத்துப்போகுது. மனுஷனுக்கு எவ்வளவு, எத்தனை நாள், எந்த மருந்தோடன்னு யாருக்கும் இன்னும் தெரியாது. ஒருநாள் தெரியலாம். தெரியாமலே போகலாம்.”

“ஊசிக்குத் தெரியுமா?”

“ஊசிக்குத் தெரியும். எவ்வளவு குடுத்தா எவ்வளவு நல்லது, எந்த அளவுல கை மரத்துப்போகும், எப்ப குறைக்கணும், எல்லாம் பார்த்து வெச்சிருக்காங்க. கை மரத்துப் போறதை டாக்டர் கிட்ட சொன்னீங்களா?”

அவன் சுவரைப் பார்த்தான். சொல்லவில்லை என்று அர்த்தம்.

“கடல்ல அப்டி கத்துவாரு,” என்றார் மனைவி. “டாக்டராண்ட போனா வாய்ல கொயுக்கட்ட.”

திரும்பி வரும்போது டோல்கேட் பக்கம் மாட்டிக்கொண்டோம். முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி, தலைக்குமேல் மெட்ரோ ரயில். ஆட்டோவுக்குள் நாங்கள் மூன்று பேரும் காலி ஃபிளாஸ்கும். அவன் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே வந்தான். வாழைக்காய் பஜ்ஜி முதல் வானிலை வரை பேசிப் பார்த்தேன். நம்பிக்கையை உடைத்துவிட்டோமோ, மிதந்ததைக் காட்டியிருக்கக் கூடாதோ என்று பயந்துகொண்டே வந்தேன்.

திடீரென்று, “இன்னா மாதிரி முங்கிச்சு பாத்தியா!” என்றான்.

“ம்.”

“நாப்பது வருஷமா ஐஸோட கீறேன் மாமு. இப்டி ஒண்ணு கீதுன்னு ஐஸு எங்கிட்ட சொல்லவே இல்ல. இன்னும் இது மாதிரி எவ்ளோ கீதோ, எல்லாத்தையும் பாக்கணும் மாமு.”

ஹாரன் சத்தத்தில் அடுத்து சொன்னது கேட்கவில்லை. அவன் என் பக்கம் சாய்ந்தான்.

“ஐஸையே முங்க வைக்கிற தண்ணி. அத நான் வூட்ல பொட்டிய வெச்சிகினு புடிக்கப் பாத்தேன். புது ஏரியாவுக்குப் போனா எக்கோ மிசின் போட்டு ஆழம் பாத்துதான் மாமு படக உள்ள வுடுவேன். இதுக்கு இன்னும் ஆழமே பாக்கலியாம். ஊசிக்குப் பாத்து வெச்சிக்கீறாங்களாம்.” என் சட்டைப் பையிலிருந்த போனைத் தட்டினான். “டாக்டருக்குப் போன் போடு. நாளைக்கு வர்றேன்னு சொல்லு. கை மேட்டரையும் நானே சொல்றேன்.”

மனைவி முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். முந்தானை கண்ணுக்குப் போனது. “பொகை,” என்றார். லாரிப் புகை நிஜமாகவே அதிகமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அவனே எனக்குமுன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். டாக்டர் கையைச் சோதித்து மருந்தின் அளவைக் கொஞ்சம் மாற்றினார். ட்ரிப்ஸ் ஏறும்போது அவன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஐஸ் மூழ்கிய கதையைச் சொன்னான். அவர் நம்பவில்லை. அவன் எதிர்ப்பக்கத்து அம்மாவிடம் சொன்னான். அப்புறம் நர்ஸிடம். அன்று நான் கொண்டுபோன புத்தகத்தைப் பிரிக்கவே விடவில்லை. மிச்ச ஊசிகளையும் இப்படியே பேசிப் பேசிப் போட்டு முடித்தான்.

விரல் மரப்பு முழுசாகப் போகவில்லை. ஸ்கேனில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்கிறார்கள். ‘இப்போதைக்கு’ என்ற வார்த்தையை டாக்டர்கள் எவ்வளவு மெதுவாகச் சொல்வார்கள் என்பது அந்த வழியாகப் போனவர்களுக்குத் தெரியும். படகில் ஏறுகிறான். வேறொருவர் ஓட்ட, இவன் பக்கத்தில் உட்கார்ந்து திட்டுகிறான்.

கனநீர் ஒருநாள் கீமோவுக்குக் கை கொடுக்குமா என்பது எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு துளிகூட வாயில் படாமல் அது ஒரு மனிதனுக்குக் கை கொடுத்ததை மட்டும் பார்த்தேன். சாவுக்குப் பயந்து ஊசிக்குப் போனவர்களை அந்த வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன், வீட்டாரின் அழுகைக்காகப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்; இன்னும் நாம் பார்க்காதது இந்த உலகத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற வியப்பில், அதையெல்லாம் பார்க்க உயிரோடு இருந்தாக வேண்டும் என்று ஊசிக்குக் கையை நீட்டியவன் எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான்.